கடன்ல இருந்த சைகடெலிக் பேண்ட் பழைய பாஞ்சோ பக்கம் திரும்பினது: கிரேட்ஃபுல் டெட், 1969–70, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பத்தின பதிவு

1969 நடுவுல இருந்து 1970 கடைசி வரைக்கும் கிரேட்ஃபுல் டெட்ங்கற அமெரிக்க ராக் பேண்டுக்குள்ள நடந்த ஒரு மாற்றத்தைப் பத்தி எழுதறேன். பேண்ட் பேரை மறைக்க முடியாது, மறைச்சா ஆல்பம் பேர் எதுவும் சொல்ல முடியாம போயிடும், ஆனா உள்ள இருந்த ஆளுங்க பேரை வேணும்னே விட்டுட்டேன், லீட் கிட்டாரிஸ்ட், பாடலாசிரியர், பேஸ் வாசிக்கிறவர்னு அவங்க வேலையை வச்சே சொல்றேன். பேர் வந்தா பேச்சு முழுக்க அந்த ஆளுங்க பக்கம் போயிடும், நமக்கு வேண்டியது என்ன முடிவு எடுத்தாங்க, ஏன் எடுத்தாங்கங்கறது.

இந்தக் கதையை பொதுவா ஒரே வரியில முடிச்சிடுவாங்க, "சைகடெலிக் சலிச்சுப் போச்சு, கன்ட்ரி பக்கம் போனாங்க"ன்னு. சைகடெலிக்னா போதை அனுபவத்தை ஒட்டி நீளமா, விசித்திரமா வாசிக்கிற ராக், கன்ட்ரின்னா அமெரிக்க கிராமத்துப் பாட்டு வழி. எனக்கு அந்த வரி பாதி உண்மையாத்தான் படுது. ரசனை மாறினதை விட வேலை செய்யற விதம் மாறினதுதான் இங்க பெரிய விஷயம், அதுக்குக் காரணம் கடன்.

பின்னணி: ஜக் பேண்ட்ல இருந்து ஆசிட் டெஸ்ட் வரைக்கும்

முதல்ல ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். இவங்க ராக் பேண்டா பொறக்கல. 1964ல கலிஃபோர்னியாவுல பாலோ ஆல்டோ பக்கம் ஒரு ஜக் பேண்டா இருந்தாங்க. ஜக் பேண்ட்னா வீட்டுல கிடக்கிற சாமானை வச்சு வாசிக்கிற பழைய தெற்கத்தி அமெரிக்க இசை, துணி தேய்க்கிற பலகையில விரல் கவசம் போட்டு தாளம், கவுத்துப் போட்ட தொட்டியில ஒரு கயிறும் குச்சியும் கட்டினா அதான் பேஸ், அப்புறம் ஜாடி. ஜாடின்னதும் நமக்கு கடம் ஞாபகம் வரும், ஆனா இது தட்டறது இல்ல, வாய் பக்கத்துல உதட்டை வச்சு ஊதறது. பின்னாடி ரிதம் கிட்டார் வாசிச்ச பையன் அப்போ ஜாடி ஊதிட்டு இருந்தான். ப்ளூஸ் பாடகர் ஹார்மோனிகா. லீட் கிட்டாரிஸ்ட் அந்தக் காலத்துல பாஞ்சோ (வட்டமா தோல் கட்டின கம்பி வாத்தியம்) பைத்தியம், அதே 1964ல ஒரு நண்பரையும் கூட்டிக்கிட்டு கார்ல, டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கிட்டு, ப்ளூகிராஸ் (பாஞ்சோ, மாண்டலின் வச்சு வேகமா வாசிக்கிற கிராமத்து இசை) கச்சேரி கேட்கறதுக்காகவே நாட்டோட அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வந்தவர்.

1965ல கரண்டு கிட்டாருக்கு மாறினாங்க, பேர் மாறுச்சு, எல்எஸ்டிங்கற போதை மருந்து வந்துச்சு. அப்போ கலிஃபோர்னியாவுல அது சட்ட விரோதம் கிடையாது, 1966 அக்டோபர்லதான் தடை வந்துச்சு. ஆசிட் டெஸ்ட்னு சொல்ற அந்த பார்ட்டிகள்ல கேட்கறவங்களும் வாசிக்கிறவங்களும் ஒரே நிலையில இருப்பாங்க, எப்போ ஆரம்பிக்கணும், எவ்வளவு நேரம் வாசிக்கணும், வாசிக்கவே வேணுமாங்கறது கூட கட்டாயம் இல்ல. பாட்டு நீண்டுக்கிட்டே போற பழக்கம் அங்கதான் வந்துச்சு. சான் பிரான்சிஸ்கோவுல 710 ஆஷ்பரி தெரு வீட்டுல கூட்டமா குடியிருந்தாங்க, வார்னர் பிரதர்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டுச்சு, 1967 மார்ச்ல முதல் ஆல்பம் வந்துச்சு. அதை சில நாள்லயே அவசரமா முடிச்சாங்க, யாருக்கும் திருப்தி இல்ல.

அந்த அதிருப்திதான் அடுத்த ரெண்டு வருஷ செலவுக்கு வித்து.

கவனிச்சது 1: ஸ்டுடியோ செலவு

முதல் ஆல்பம் அவசரத்துல கெட்டுச்சுன்னு நினைச்சதால ரெண்டாவதுக்கு நேரத்தை அள்ளி இறைச்சாங்க. மேடையில வாசிச்ச பல ராத்திரி டேப்பையும் ஸ்டுடியோ டேப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி ஒரே பாட்டா ஆக்கற முயற்சி. நடுவுல ரிதம் கிட்டாரிஸ்ட் ஒரு பாட்டுக்கு 'கனமான காத்து' சத்தம் வேணும்னு கேட்டாராம், கம்பெனி அனுப்பின தயாரிப்பாளர் அதோட எந்திரிச்சுப் போயிட்டார், திரும்பி வரல. சிரிப்பு வருதுதான், ஆனா ஒரு ப்ராஜெக்ட்ல கேட்கறவருக்கும் செஞ்சு கொடுக்கறவருக்கும் நடுவுல பேச்சே அறுந்து போச்சுன்னு அர்த்தம். 1967 கடைசியில கம்பெனி மேலதிகாரி மேனேஜருக்கு கோபமா ஒரு கடிதமே போட்டார், அது இன்னிக்கும் ரசிகர்கள் நடுவுல சுத்திக்கிட்டு இருக்கு.

மூணாவது ஆல்பம் ஆக்ஸோமாக்ஸோவா, 1969 ஜூன். இதுல நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். 8 டிராக் மெஷின்ல, அதாவது எட்டு சத்தத்தை தனித்தனியா பதிவு பண்ற மெஷின்ல, ரெக்கார்டிங் ஆரம்பிச்சு நல்லா முன்னேறினாங்க, பாதியில ஸ்டுடியோவுக்கு புது 16 டிராக் மெஷின் வந்து இறங்குச்சு, உடனே பண்ணினதை ஓரமா வச்சுட்டு மொதல்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. பதினாறு டிராக் இருக்குன்னா பதினாறையும் நிரப்பணும்ல, நிரப்பினாங்க. பாட்டு என்னன்னு ஸ்டுடியோவுக்குள்ள உட்கார்ந்து, மீட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கண்டுபிடிச்சாங்க. கம்பெனிக்கு பட்ட கடன் சுமார் 1,80,000 டாலர்னு சொல்றாங்க. 1969 விலைவாசியில அது எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க.

விற்பனை? முதல் ஆல்பம் அமெரிக்க பில்போர்ட் விற்பனைப் பட்டியல்ல 73வது இடம், ரெண்டாவது 87, மூணாவது மறுபடி 73. அதே வருஷம் நவம்பர்ல வந்த லைவ்/டெட் மேடையில நேரா பதிவு பண்ணினது, செலவு கம்மி, 64வது இடம். ஒரு பக்கம் முழுக்க 23 நிமிஷம் ஒரே பாட்டு. செலவு கம்மியா பண்ணினது அதிகமா போச்சுங்கறது யாரோ ஒருத்தர் கண்ணுல பட்டிருக்கும்னு நினைக்கிறேன்.

கவனிச்சது 2: உள்ளுக்குள்ள யார் ஒதுங்கினாங்க

இதை நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. இசை சிக்கலாக ஆக ரெண்டு பேர் பின்தங்கினாங்க. ஒருத்தர் ஜாடி ஊதின பையன், அதாவது ரிதம் கிட்டாரிஸ்ட். இன்னொருத்தர் ப்ளூஸ் பாடகர், பேண்டுக்கு ஆரம்பத்துல முகமே அவர்தான். பேஸ் வாசிக்கிறவர் கல்லூரியில நவீன மேற்கத்திய இசை படிச்சவர், கூட படிச்ச இன்னொருத்தர் கீபோர்டுக்கு வந்து சேர்ந்தார், ரெண்டாவது டிரம்மர் தபலா மேதை அல்லா ரக்காவை சந்திச்சதுல இருந்து பதினொண்ணு, ஏழுன்னு தாளத்தை எண்ண ஆரம்பிச்சிருந்தார். 1968 இலையுதிர் காலத்துல ஒரு மீட்டிங் போட்டு பின்தங்கின அந்த ரெண்டு பேரையும் வெளிய அனுப்பற அளவுக்குப் போச்சு. முழுசா நடக்கல, கொஞ்ச நாள் அவங்க இல்லாம வேற பேர்ல வாசிச்சுப் பார்த்தாங்க, அப்புறம் பழையபடி சேர்ந்துட்டாங்க.

யாரை வெளிய அனுப்பப் பார்த்தாங்கன்னு பாருங்க. ஜக் பேண்ட்ல இருந்து வந்த மூணு பேர்ல ரெண்டு பேர். வேரை வெட்டற முடிவுன்னு அப்போ யாருக்கும் தோணியிருக்காது.

கவனிச்சது 3: வெளியில காத்து திரும்பினது

நியாயமா சொல்லணும்னா இவங்க முன்னோடி கிடையாது. பாப் டிலன் 1967 டிசம்பர்லயே சத்தத்தை எல்லாம் இறக்கி வச்சுட்டு மூணு நாலு வாத்தியத்தோட ஒரு ஆல்பம் போட்டுட்டார். தி பேண்ட்னே பேர் வச்ச குழு 1968ல வந்தாச்சு, தி பேர்ட்ஸ் குழு அதே வருஷம் கன்ட்ரி இசையோட தலைநகர் நாஷ்வில் போய் கன்ட்ரி ஆல்பமே பண்ணிட்டாங்க. இவங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் லேட்.

ஆனா வீட்டுக்குள்ள அடுப்பு எரிய ஆரம்பிச்சிருந்துச்சு. நகரத்தை விட்டு வடக்கே மரின் கவுண்டிக்கு எல்லாரும் குடி மாறியிருந்தாங்க, ரெண்டாவது டிரம்மர் நோவாட்டோல ஒரு பண்ணை எடுத்திருந்தார், குதிரை, துப்பாக்கி, தொப்பின்னு வாழ்க்கையே வேற மாதிரி. லீட் கிட்டாரிஸ்டும் பாடலாசிரியரும் லார்க்ஸ்பர்ல ஒரே வீட்டுல இருந்தாங்க. பாடலாசிரியர் மாடியில எழுதிட்டு கீழ வந்தா இவர் கிட்டாரோட உட்கார்ந்திருப்பார், அவ்வளவு கிட்டம்.

அப்புறம் அந்த பெடல் ஸ்டீல். 1969 வசந்தத்துல கொலராடோ பக்கம் டூர் போனப்போ லீட் கிட்டாரிஸ்ட் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். பார்க்காதவங்களுக்கு சொல்றேன், இது தோள்ல மாட்டற கிட்டார் இல்ல, தையல் மெஷின் மாதிரி நாலு காலுல நிக்கும், முன்னாடி உட்கார்ந்துதான் வாசிக்கணும். இடது கையில ஒரு இரும்பு உருளை, அதை கம்பி மேல வழுக்கணும், வலது கை மீட்டும், ரெண்டு காலும் கீழ பெடலை மிதிக்கும், முழங்கால் பக்கவாட்டுல இருக்கிற கொம்பைத் தள்ளும். பெடலை மிதிக்கும்போது ஒரு கம்பி மட்டும் சுதி ஏறும், பக்கத்துக் கம்பி அப்படியே நிக்கும். நமக்கு கமகம் விரல்ல இருக்கு, அங்க கால்ல இருக்கு. அது ஒரு வருஷத்துல வசப்படற வாத்தியம் இல்ல, இவருக்கும் முழுசா வசப்படல, ஆனா பழகணும்னா எங்கயாவது வாசிச்சாகணும். அதுக்காகவே பக்கத்துல ஒரு பாட்டுக்காரர் எழுதி வச்சிருந்த கன்ட்ரி பாட்டுகளுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்தார், சின்ன உணவகத்துல வாசிச்சார், அதுதான் நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ் பேண்ட். பெரிய பேண்டோட தலைவர் மாதிரி இருந்த ஆள் இன்னொருத்தருக்கு பக்கவாத்தியம் வாசிச்சார். எனக்கு இந்த முழுக் கதையிலயே பிடிச்ச இடம் இது.

நெருக்கடி: நாலு மாசத்துல மூணு அடி

1969 டிசம்பர் 6, ஆல்டமான்ட். ரோலிங் ஸ்டோன்ஸோட இலவச கச்சேரிக்கு ஏற்பாட்டுல இவங்க ஆளுங்களும் இருந்தாங்க, கூட்டத்துல ஒரு வாலிபரை குத்திக் கொன்னாங்க, நிலைமையைப் பார்த்துட்டு இவங்க மேடை ஏறாமலே திரும்பிட்டாங்க. பொறுப்புல பங்கு உண்டா இல்லையான்னு வெளிய பெரிய சண்டை, பாடலாசிரியர் சீக்கிரமே அதைப் பத்தி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார், தீர்ப்பு சொல்லாத பாட்டு.

1970 ஜனவரி கடைசி, நியூ ஆர்லியன்ஸ். ஹோட்டல்ல போலீஸ் புகுந்து 19 பேரைப் பிடிச்சுட்டுப் போனாங்க. அதுல சவுண்ட் பார்த்துக்கிட்ட ஆளும் உண்டு, அவர் மேல ஏற்கனவே வழக்கு இருந்துச்சு, கடைசியில ஜெயிலுக்கே போயிட்டார். கீபோர்டுக்கு வந்த கல்லூரி நண்பரும் அதே சமயம் பேண்டை விட்டு விலகிட்டார்.

மூணாவது அடி வீட்டுக்குள்ள இருந்தே வந்துச்சு. கணக்கு வழக்கு சரியில்லன்னு 1969ல ரெண்டாவது டிரம்மரோட அப்பாவை மேனேஜரா போட்டிருந்தாங்க. தன்னை மத போதகர்னு சொல்லிக்கிட்டவர், நம்ம பையனோட அப்பா, ஏமாத்த மாட்டார்ங்கற நம்பிக்கை. 1970 ஆரம்பத்துல கணக்கைக் கேட்க ஆரம்பிச்சதும் ஆள் காணோம், ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல போச்சு. அடுத்த வருஷம் சான் டியேகோல பிடிபட்டு ஆறு மாசம் தண்டனை ஆச்சு, அது வேற கதை. முக்கியம் என்னன்னா, புது ஆல்பம் ரெக்கார்டிங்குக்குப் போற நேரத்துல கம்பெனிக்குக் கடன், கோர்ட்டுல கேஸ், கையில பணம் இல்ல, மூணும் ஒண்ணா நின்னுச்சு.

எடுத்த முடிவும் காரணமும்

பணம் இல்லாதவனுக்கு ரெண்டு வழிதான், இன்னும் கடன் வாங்கி பெருசா ஒண்ணு அடிக்கப் பார்க்கறது, இல்ல இருக்கிறதை வச்சு சட்டுனு முடிக்கறது. இவங்க ரெண்டாவதை எடுத்தாங்க. லீட் கிட்டாரிஸ்ட் மனசுல இருந்த மாதிரி பேக்கர்ஸ்ஃபீல்ட் கன்ட்ரி. நாஷ்வில்ல வயலின் கூட்டம் எல்லாம் வச்சு வழவழன்னு பண்ணுவாங்க, பேக்கர்ஸ்ஃபீல்ட் கலிஃபோர்னியாவோட எண்ணெய்க் கிணறும் பருத்திக் காடும் இருக்கிற ஊர், பக் ஓவன்ஸ் மாதிரி ஆளுங்க பாருல வாசிச்சு வளர்த்தது, டெலிகாஸ்டர் கிட்டாரும் கறாரான டிரம்ஸும், நேரா விஷயத்துக்கு வரும். செலவு குறைக்கணும்ங்கறவனுக்கு இதை விட ஏத்த மாடல் கிடையாது.

முதல் வேலை ஒத்திகை. இது கேட்கறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா அவங்க வரலாற்றுல இதுதான் புரட்சி. எட்டுப் பாட்டு எடுத்துக்கிட்டாங்க, எட்டுமே 1969 நடுவுல இருந்து டிசம்பருக்குள்ள மேடையில பாடி அடிபட்டது. ரெக்கார்டிங் பண்ணின இன்ஜினியர் முதல்ல எல்லாப் பாட்டையும் ஒரு தடவை சும்மா வாசிக்க வச்சு ரெண்டே டிராக்ல பிடிச்சார், அப்புறம் அந்த டேப்பை வெட்டி ஆல்பம்ல எந்தப் பாட்டுக்குப் பின்னாடி எதுன்னு வரிசை பண்ணி, ஆளுக்கொரு கேசட் போட்டுக் கொடுத்தார், இதைக் கேட்டுப் பழகிட்டு வாங்கன்னு. அதாவது ஆல்பம் எப்படி இருக்கும்னு ஆல்பம் பண்றதுக்கு முன்னாடியே எல்லார் காதுலயும் இருந்துச்சு. முந்தின ஆல்பத்துல பாட்டு என்னன்னு ஸ்டுடியோவுல தேடினவங்கதான் இவங்க.

இன்னொண்ணு குரல். இவங்கள்ல யாரும் பெரிய பாடகர் கிடையாது, ப்ளூஸ் பாடகரைத் தவிர. கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்ங்கற பாட்டுக் குழு ஆளுங்க அப்போ இந்தப் பண்ணைப் பக்கம் வந்து போயிட்டு இருந்தாங்க, அவங்க மூணு குரல் ஒண்ணா சேர்றதைக் கேட்டு இவங்களும் ஹார்மனி பாடணும்னு முடிவு பண்ணினாங்க. அவங்க ஆல்பத்துல லீட் கிட்டாரிஸ்ட் பெடல் ஸ்டீல் வாசிச்சுக் கொடுத்தார், பதிலுக்கு அவங்க பாடக் கத்துக் கொடுத்தாங்கன்னு ஒரு பேச்சு உண்டு, அதை அப்படியே கணக்குப் பரிமாற்றமா எடுத்துக்க வேண்டியதில்ல, பக்கத்துல இருந்து கேட்டதோட தாக்கம்னு சொன்னா போதும்.

வார்த்தைகளும் மாறுச்சு. முன்னாடி பாடலாசிரியர் எழுதினது கனவு மாதிரி, ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் தொடர்பு தேட வேண்டியிருக்கும். இப்போ ஆளுங்க வந்தாங்க. சாகப் படுத்திருக்கிற ஏழை, சுரங்கத் தொழிலாளி, சீட்டாடற ஓநாய், போதையில ரயிலை ஓட்டற டிரைவர். சுரங்கப் பாட்டைப் பத்தி அவரே பின்னாடி பதிவு பண்ணின ஒரு சம்பவம், கம்பர்லாந்து சுரங்கத்துல வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் அவர்கிட்டயே வந்து, இந்தப் பாட்டை எழுதின ஆள் இந்த மாதிரி ஒரு பேண்ட் அதைப் பாடறதைக் கேட்டா என்ன நினைப்பாரோன்னு கேட்டாராம். இருபதுகள்ல இருந்த ஒரு ஹிப்பி லார்க்ஸ்பர் வீட்டுல எழுதினதை பழைய நாட்டுப் பாட்டுன்னு அந்தப் பெரியவர் நம்பிட்டார்.

1970 பிப்ரவரி: ஸ்டுடியோவுல

சான் பிரான்சிஸ்கோல பசிஃபிக் ஹை ரெக்கார்டிங் ஸ்டுடியோ, பத்து நாள் வாக்குல வேலை முடிஞ்சுது. முந்தினது மாசக்கணக்குல இழுத்துச்சு. 16 டிராக் மெஷின் இப்பவும் இருந்துச்சு, ஆனா நிரப்பணும்ங்கற வெறி இல்ல. கேட்டுப் பார்த்தா தெரியும், அக்கூஸ்டிக் (கரண்டு இல்லாத) கிட்டார் எங்க இருக்கு, குரல் எங்க இருக்குன்னு கைநீட்டித் தொடற மாதிரி தனித்தனியா இருக்கும். சுரங்கப் பாட்டு கரண்டு கிட்டார்ல ஆரம்பிக்கும், பின் பாதியில பாஞ்சோ உள்ள நுழையும், 1964ல டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டு அலைஞ்ச அதே விரல்.

ஒண்ணு தெளிவா சொல்லணும், இவங்க பழசை விட்டுட்டு வரல. அதே பிப்ரவரி நடுவுல நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட்ல அந்த 23 நிமிஷப் பாட்டை அரை மணி நேரம் கிட்ட நீட்டி வாசிச்சாங்க, ரசிகர்கள் இன்னிக்கும் அந்த டேப்பைக் கொண்டாடறாங்க. ஸ்டுடியோவுக்கு ஒரு ஒழுங்கு, மேடைக்கு வேற ஒழுங்குன்னு பிரிச்சதுதான் நடந்தது. அதை யாரும் பேப்பர்ல எழுதி முடிவு பண்ணலன்னாலும் அதுதான் இருக்கிறதுலயே புத்திசாலித்தனமான முடிவு.

என்ன ஆச்சு

வொர்க்கிங்மேன்ஸ் டெட் 1970 ஜூன்ல வந்துச்சு, பட்டியல்ல 27வது இடம். முதல் பாட்டு சிங்கிளா (தனிப் பாட்டு ரெக்கார்டா) 69 வரைக்கும் ஏறுச்சு. ரேடியோவுக்காக கம்பெனி அந்தப் பாட்டுல ஒரு வசை வார்த்தையை வெட்டினதுல லீட் கிட்டாரிஸ்டுக்குக் கடுப்பு, வெட்டியும் சில ஸ்டேஷன் போடல, ஆனாலும் அதுவரைக்கும் இவங்க பேரு ரேடியோவுல வந்ததே அபூர்வம்.

மேடையிலயும் அமைப்பு மாறுச்சு. 1970 மே மாசம் வாக்குல ஒரு ராத்திரி முழுக்க இவங்களேதான், முதல்ல அக்கூஸ்டிக், நடுவுல நியூ ரைடர்ஸ், அதுலயும் லீட் கிட்டாரிஸ்ட் பெடல் ஸ்டீல்ல உட்கார்ந்திருப்பார், கடைசியில கரண்டு. ஒரே ஆள் மூணு செட்லயும் வாசிக்கிறது, மணி நேரம் கணக்குப் போட்டா தலை சுத்தும்.

வேலை செய்யற விதம் பிடிபட்டதும் அடுத்த ஆல்பத்துக்கு காத்திருக்கவே இல்ல. ஆகஸ்ட், செப்டம்பர்ல வாலி ஹைடர் ஸ்டுடியோ. வழக்கமான ரெக்கார்டிங் ஆளுங்க வேற ஒரு ஊர்சுத்தற கச்சேரிக் கூட்டத்தோட போயிட்டாங்க, ஸ்டுடியோவோட இன்ஜினியரையே வச்சு ஆரம்பிச்சாங்க. ப்ளூகிராஸ் பழைய சிநேகிதர் ஒருத்தர் வந்து ரெண்டு பாட்டுக்கு மாண்டலின் வாசிச்சார். பாடலாசிரியர் அந்த வருஷம் லண்டன்ல ஒரே மதியத்துல, கிரேக்க ஒயின் பாட்டில் பாதியைக் காலி பண்ணிக்கிட்டே மூணு பாட்டு எழுதினார், அதுல ரெண்டு இந்த ஆல்பத்துல இருக்கு.

அந்த ரெக்கார்டிங் காலத்துல ரெண்டு வீட்டுல சாவு வாசல்ல நின்னுச்சு. பேஸ் வாசிக்கிறவரோட அப்பாவுக்கு கேன்சர், அவருக்குப் பாடிக் காட்டறதுக்குன்னு ஒரு மெட்டு போட்டு வார்த்தை எழுதித் தரச் சொன்னார், மருத்துவ இல்லத்துக்குக் கார்ல போற வழியில அதைப் பாடிப் பழகினார். அதுதான் ஆல்பத்தோட முதல் பாட்டு, அதுவரைக்கும் லீட் குரலா அதிகம் முன்னுக்கு வராத ஆள். லீட் கிட்டாரிஸ்டோட அம்மா செப்டம்பர்ல கார் விபத்துல அடிபட்டு அந்த மாசக் கடைசியில இறந்துட்டாங்க. அமெரிக்கன் பியூட்டி கேட்கும்போது ஏன் அவ்வளவு இளக்கமா இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. நவம்பர்ல வந்துச்சு, 30வது இடம், அதுல ஊர் ஊரா டூர் போறதைப் பத்தின பாட்டு, நியூ ஆர்லியன்ஸ் கைது கூட அதுல வரும், சிங்கிளா 64. ஒரே வருஷத்துல ரெண்டு ஆல்பம், ரெண்டும் பின்னாடி விற்பனைக்கான பிளாட்டினம் சான்று வாங்குச்சு. 1971ல வந்த லைவ் ஆல்பம் இவங்களுக்கு முதல் கோல்டு வாங்கிக் கொடுத்துச்சு.

சரியா போகாதது

ரெண்டாவது டிரம்மர். அப்பா பண்ணினதுக்கு பேண்ட்ல யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லல, ஆனா அவரால தாங்க முடியல, 1971 பிப்ரவரியில விலகிட்டார். மூணரை வருஷம் கழிச்சு 1974 அக்டோபர்லதான் திரும்பி மேடை ஏறினார். ஒரு கிளைச் செய்தி, அவரே 1991ல பிளானட் டிரம்னு ஒரு ஆல்பம் பண்ணினார், அதுல ஜாகிர் உசேனோட நம்ம விக்கு விநாயக்ராம் கடமும் இருக்கு, உலக இசைக்கான முதல் கிராமி அதுக்குத்தான் போச்சு. ஜாடி ஊதின பேண்டுக்கு கடைசியில கடமும் வந்து சேர்ந்துச்சு.

ப்ளூஸ் பாடகர் கதை அப்படி இல்ல. வேர் இசைப் பக்கம் திரும்பினா அவருக்குத்தான் முதல்ல இடம் கிடைக்கணும், கிடைச்சது ஆல்பத்துக்கு ஒரு பாட்டு. கன்ட்ரி, ப்ளூகிராஸ் பக்கம் சாஞ்சாங்களே தவிர அவரோட ப்ளூஸ் பக்கம் சாயல. மேடையில நீளமா பாட விட்டாங்க, உண்மைதான். குடி அவர் ஈரலைத் தின்னுச்சு, 1973 மார்ச்ல 27 வயசுல போயிட்டார். இசை முடிவுக்கும் அதுக்கும் நேர் தொடர்பு போடறது நியாயம் இல்ல, ஆனா ஆல்பத்துல அவர் இடம் சுருங்கினதை நான் எழுதாம விட முடியாது.

திரும்ப நடந்தா மாத்த வேண்டியது

பணத்தை ஒரே ஆள் கையில கொடுத்ததுதான் முதல் தப்பு, அவர் அப்பாவா இருந்ததும் போதகரா இருந்ததும் ரெண்டாம்பட்சம். ரெண்டு கையெழுத்து, வெளி ஆள் தணிக்கை, இந்த ரெண்டும் இருந்திருந்தா அந்த டிரம்மர் போயிருக்க மாட்டார். உறவுக்காரரை வேலைக்கு வச்சா கணக்கு கேட்கறது அவமரியாதைன்னு ஆயிடுது, இங்கயும் அப்படித்தான் ஆச்சு, கேட்க ஒரு வருஷம் ஆச்சு.

ஒத்திகை பண்ணிட்டு ஸ்டுடியோ போற பழக்கத்துக்கு கடன் வரைக்கும் காத்திருந்திருக்க வேண்டியதில்ல. ஆக்ஸோமாக்ஸோவாலயே ரெண்டு பாட்டு அக்கூஸ்டிக் வாசனையோட, பழைய நாட்டுக் கதையை எடுத்து வச்சு இருக்கு, அதைக் கேட்டா திசை 1969 தொடக்கத்துலயே தெரிஞ்சிருக்குன்னு புரியும். அப்பவே புது மெஷினைப் பார்த்து மயங்காம, இருந்த 8 டிராக்ல முடிச்சிருந்தா கடன்ல பெரும்பகுதி வந்திருக்காது. ஆனா கடன் வரலன்னா இந்த ரெண்டு ஆல்பமும் இப்படி வந்திருக்குமாங்கறதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கடைசியா அந்த அக்கூஸ்டிக் செட். 1970 முடியறதுக்குள்ள அதை நிறுத்திட்டாங்க. மேடையில அப்போ அக்கூஸ்டிக் கிட்டாரை மைக் வச்சுப் பிடிக்கறது பெரிய தலைவலி, கூட்டமும் கரண்டு செட்டுக்காக கத்திக்கிட்டு இருக்கும், நிறுத்தினதுக்குக் காரணம் புரியுது. இருந்தாலும் நான் அந்த இடத்துல இருந்திருந்தா சின்ன அரங்குகள்லயாவது அதை வச்சிருப்பேன், ஏன்னா ரெண்டு ஆல்பத்துல பாதிப் பாட்டு அந்த அளவு சத்தத்துக்குன்னே எழுதினது. அவங்க அதுக்குத் திரும்பி வர பத்து வருஷம் ஆச்சு. 1980ல சான் பிரான்சிஸ்கோ வார்ஃபீல்ட் தியேட்டர்ல 15 ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் முதல் செட் அக்கூஸ்டிக்.